முப்பது நாள் ஆட்டமும் ஏழு நாள் ஆட்டமும்

போன மாதம் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. "குறைந்தது நாற்பது மணி நேரம்" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தீர்கள். அதற்குக் கீழே யாரோ பென்சிலால் "யாருக்கு?" என்று கிறுக்கியிருந்தார். அந்தப் பென்சில்காரர் யாரென்று நான் விசாரிக்கவில்லை. இதை முக்கியமாக அவருக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம்.

கேம் நீளமாக இருக்க வேண்டுமா, நன்றாக இருக்க வேண்டுமா என்று கேட்டால், நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சொல்வதற்குச் செலவில்லை. சொல்லிவிட்டு மறுநாள் காலை வந்து உட்கார்ந்து நீட்ட ஆரம்பிப்பார்கள். நானும் நீட்டியவள்தான். எப்படி நீட்டினேன், அதனால் என்ன ஆயிற்று என்று சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் குரோம்பேட்டையில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. மொத்தம் ஐந்து பேர். முதலாளி சேவியர் சார் அதுவரை பள்ளிக்கூடங்களுக்கு மதிப்பெண் பட்டியல் போடும் மென்பொருள் விற்றுக்கொண்டிருந்தவர். கேம் செய்யலாம் என்ற யோசனை என்னுடையது. கீழ்க்கட்டளையிலிருந்து பஸ் பிடித்துப் பல்லாவரம் வந்து, அங்கிருந்து ஒரு ஸ்டேஷன் மின்சார ரயிலில் வருவேன். அந்த ஐந்து நிமிடப் பயணத்தில் தினமும் எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு நீளமான வண்டியை அந்த டிரைவர் எப்படிக் குறித்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறார்? அந்தச் சந்தேகம்தான் எங்கள் கேம்.

முதலில் செய்தது மூன்று நாள் ஆட்டம். ஆடுகிறவர்தான் மோட்டார்மேன், மின்சார ரயில் ஓட்டுகிறவரை அப்படித்தான் சொல்வார்கள். தாம்பரத்தில் கிளம்பிப் பல்லாவரம் வரை மூன்று ஸ்டேஷன்களில் வண்டியை நிறுத்த வேண்டும். முதல் நாள் வெயில். இரண்டாம் நாள் மழை, கண்ணாடியில் தண்ணீர் வழியும், பிளாட்பாரம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. மூன்றாம் நாள் ரயில்வே கேட்டை மூடவிடாமல் ஒரு லாரி நடுவில் மாட்டிக்கொள்ளும். இந்த மூன்று நாளைச் செய்ய எங்களுக்கு ஐந்து மாதம் பிடித்தது. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் கீழ்க்கடைக்காரர்கூட மேலே ஏறி வந்து ஒரு நடை ஓட்டிவிட்டுப் போவார். பிரேக்கைச் சற்று தாமதமாகப் பிடித்துவிட்டால் அவர் உடம்பு நாற்காலியில் பின்னால் சாயும். அதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு நிறைந்த மாதிரி இருக்கும்.

விற்றுத் தர ஒரு வியாபாரி கிடைத்தார். ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தவர். ஒருமுறை ஆடிப் பார்த்தார், சிரித்தார், பிளாப்பியை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"கேம் சூப்பரா கீது மேடம். எத்தினி மணி நேரம் ஆடலாம்?"

இரண்டு மணி நேரம் என்றேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. வெளிநாட்டு கேம் இருபது மணி, முப்பது மணி என்று அட்டையிலேயே போட்டிருக்கும், வாங்க வருகிறவன் பெட்டியைத் திருப்பி அதைத்தான் முதலில் பார்ப்பான் என்றார். தாம்பரத்திலிருந்து பீச் வரை எல்லா ஸ்டேஷனும் வேண்டும், ஒரு மாத டியூட்டி வேண்டும் என்றார். சேவியர் சார் என்னைப் பார்த்தார். முடியும் என்று தலையாட்டினேன்.

முடிந்தது. மூன்று நாளுக்கு ஐந்து மாதம் எடுத்துக்கொண்டவள், மிச்சம் இருபத்தேழு நாளை மூன்றே வாரத்தில் முடித்தேன். ஸ்டேஷன் பெயர்ப்பலகையை மாற்றினேன். வானத்துக்கு நான்கு நிறம் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போட்டேன். சைதாப்பேட்டையில் நின்ற மரமே கோடம்பாக்கத்திலும் நின்றது, சேத்துப்பட்டிலும் நின்றது. நான்காம் நாளிலிருந்து மழை இல்லை, லாரி இல்லை. ஸ்டேஷன் வரும், நிறுத்த வேண்டும், கிளம்ப வேண்டும். பீச் போய்த் திரும்பி வந்தால் ஒரு நாள் ஆயிற்று. பெட்டியின்மேல் "முப்பது நாள் ஆட்டம்" என்று சிவப்பில் அச்சடித்தார்கள். அதைப் பார்த்துப் பெருமைப்பட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு மாதம் கழித்துப் பிளாப்பிகள் திரும்பி வர ஆரம்பித்தன. வாங்கிய பிளாப்பிகளில் ஒரு கட்டு மட்டம். பாதி ஆட்டத்தில் நின்றுவிடுகிறது என்று புகார். மாற்றித் தருவதாகச் சொல்லி வரவழைத்தோம். எது உண்மையிலேயே கெட்டது, எது வேறு கோளாறு என்று பார்ப்பது என் பொறுப்பு. ஒவ்வொன்றாகப் போட்டுத் திறந்தேன். ஆடியவர் பெயரும் எந்த நாள் வரை ஓட்டினார் என்பதும் அந்தப் பிளாப்பியிலேயே பதிவாகியிருக்கும். அதைப் பார்க்க வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. கண்ணில் பட்டது.

மூன்று. மூன்று. இரண்டு. நான்கு. மூன்று. நான்கு.

ஒரு தாளை எடுத்து எழுதிக்கொண்டே போனேன். முப்பதுக்கும் மேற்பட்ட பிளாப்பிகள். ஒருவர்கூட நான்காம் நாளைத் தாண்டவில்லை. பிளாப்பி கெட்டதால் நிறுத்தியவர்கள் இல்லை அவர்கள். அப்படியென்றால் ஆளுக்கொரு நாளில் நின்றிருக்கும். நான் உழைப்பதை எங்கே நிறுத்தினேனோ, சொல்லிவைத்தாற்போல அங்கேயே அவர்களும் நிறுத்தியிருந்தார்கள். திட்டிக் கடிதம் எழுதியிருந்தால்கூட ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். இதற்கு என்ன சொல்வது? அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். யாரிடமும் காட்டவில்லை.

கடைசிப் பிளாப்பி மட்டும் வேறு மாதிரி இருந்தது. முப்பது நாளும் முடித்து, மறுபடியும் முதல் நாளிலிருந்து தொடங்கி, இரண்டாம் சுற்றில் பன்னிரண்டாம் நாள் வரை ஓட்டியிருந்தார் ஒருவர். கூடவே ஒரு கடிதம். சேலையூரில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தும் விமலா என்ற பெண் எழுதியது. ஒரே வரி: "தயவுசெய்து சீக்கிரம் மாற்றித் தரவும், அவசரம்."

கேமுக்கு என்ன அவசரம்? ஆனால் அன்றைக்கு நான் இருந்த நிலையில், என் முப்பது நாளையும் ரசித்த ஒரே ஒரு ஆளை நேரில் பார்த்தால் தேவலை என்றிருந்தது. புதுப் பிளாப்பியை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை காலை நானே கிளம்பினேன்.

வகுப்பு என்பது அவர்கள் வீட்டு முன்னறைதான். உறை போட்ட இரண்டு கம்ப்யூட்டர்கள், நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். விமலாவுக்கு என் வயதுதான் இருக்கும். நான் யாரென்று சொன்னதும் அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த சந்தோஷம் இல்லை. உள்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். ஆடுவது அவர் கணவர். மின்சார ரயிலில் மோட்டார்மேன். நிஜ மோட்டார்மேன். நான்கு மாதங்களுக்கு முன் அவர் ஓட்டிவந்த வண்டியின் முன்னால் தண்டவாளத்தைக் கடந்த ஒருவர் அடிபட்டு இறந்துபோனார். விசாரணையில் இவர்மேல் எந்தத் தவறும் இல்லை என்று முடிந்துவிட்டது. டியூட்டிக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டும் இவர் போகவில்லை. மருத்துவ விடுப்பை நீட்டிக்கொண்டே இருக்கிறார்.

"வகுப்பு இல்லாத நேரமெல்லாம் இந்த கேம்தான். கேம் முடிஞ்சா எழுந்திரிப்பாருன்னு நெனச்சேன் மேடம். முப்பது நாளும் முடிச்சாரு. மறுபடியும் ஒண்ணாம் நாள்லேர்ந்து ஆரம்பிச்சுட்டாரு. பிளாப்பி நின்னுபோனதுலேர்ந்து தூங்கவே மாட்டேங்கறாரு, அதான் அவசரம்னு எழுதினேன்" என்றார் விமலா.

நான் பிளாப்பியைக் கொடுத்துவிட்டு ஓடிவந்திருக்கலாம். அதற்குள் அவரே வெளியே வந்துவிட்டார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், மெல்லிய குரல். கேம் செய்தவள் என்று தெரிந்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அவர் பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று பிறகு கேட்டுக்கொண்டார். அதனால் மோட்டார்மேன் என்றே சொல்கிறேன்.

ஏதாவது பேச வேண்டுமே என்று, நான்காம் நாளுக்கு மேல் அலுப்பாக இல்லையா என்று கேட்டுவிட்டேன். எல்லோரும் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள் என்பதையும் சொன்னேன். அவருக்கு நான்காம் நாளிலிருந்துதான் பிடித்ததாம். முதல் மூன்று நாளில் லாரி வருகிறது, மழை வருகிறது. அதற்கப்புறம் ஒன்றுமே வருவதில்லை. தண்டவாளம் சுத்தமாக இருக்கிறது.

"சானடோரியம் ஸ்டேஷன் தாண்டினதும் ஒரு வேப்பமரம் வரும் மேடம். அங்க எப்பவும் யாராவது குறுக்க வருவாங்க. உங்க கேம்ல அங்க ஆளே கிடையாது. அப்படி ஓட்டறது நல்லா இருக்கு." பிறகு சொன்னார். "ஆனா அது ரயில் இல்ல."

பஸ்ஸில் திரும்பும்போது எனக்குள் இரண்டு குரல்கள் சண்டை போட்டன. நீ சோம்பேறித்தனத்தால் காலியாக விட்ட இருபத்தேழு நாள் ஒரு மனிதனுக்கு இளைப்பாற இடம் கொடுத்திருக்கிறது, நீளத்துக்கும் ஒரு வேலை உண்டு என்றது ஒன்று. இளைப்பாறியது போதும், அவர் அங்கேயே சுற்றிச் சுற்றி வருகிறார், அவர் வீட்டுக்காரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றது இன்னொன்று. இரண்டும் சரிதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

திங்கட்கிழமை அந்தத் தாளைச் சேவியர் சார் மேஜைமேல் விரித்தேன். அவர் நிதானமாகப் படித்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை. "இத நீ எப்போ பார்த்த தேவகி?" என்று மட்டும் கேட்டார். பார்த்து மூன்று நாள் ஆகிவிட்டது என்றேன். கெட்ட செய்தியை வைத்துக்கொண்டு அலைந்ததற்கு அவர் என்னைத் திட்டவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. உங்கள் கைக்கு இப்படி ஒரு தாள் வந்தால் மூன்று மணி நேரம்கூட வைத்துக்கொள்ளாதீர்கள்.

வியாபாரியையும் கூப்பிட்டுச் சொன்னோம். ஆடுகிறவர்கள் மூன்று நாளில் நிறுத்திவிடுகிறார்கள் என்று கேட்டதும் அவருக்கு ஒரே நொடியில் வழி தோன்றிவிட்டது. தண்டவாளத்தில் ஆட்கள் நடக்க வேண்டும், வண்டி மோத வேண்டும், ரத்தம் தெரிய வேண்டும். "அப்ப பாருங்க, எவனும் எழுந்துக்க மாட்டான்" என்றார். அப்படிச் செய்தால் அறுபது நாள் ஆட்டமாகவே எடுத்துக்கொள்வதாகவும், இல்லாவிட்டால் இனிமேல் வாங்குவதாக இல்லை என்றும் சொன்னார். எங்களுக்கு வேறு வியாபாரி கிடையாது. ஐந்து பேருக்கும் அதுதான் வேலை.

இந்த இடத்தில் நான் நல்லவளாக நடந்துகொண்டேன் என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. ஒரு நிமிடம் எனக்கும் சபலம் தட்டியது. என்னிடம் ஒரு நிஜக் கதை இருந்தது. எந்த இடம், எந்த மரம் என்பதுவரை தெரியும். செய்தால் தத்ரூபமாக வரும். அப்போது சேவியர் சார் என்ன சொல்கிறாய் என்பதுபோல் என் பக்கம் திரும்பினார். சேலையூர் வீட்டு முன்னறையில் அந்த கேம் மறுபடி ஓடும்போது யார் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். முடியாது என்றேன். கூடவே, எனக்கே ஆச்சரியமாக, முப்பதை ஏழாகக் குறைக்கப் போகிறேன் என்றும் சொன்னேன்.

வியாபாரி சிரித்துவிட்டார். பெட்டியில் முப்பது என்று அச்சடித்தாகிவிட்டதே, இன்னா மேடம் பேஜார் பண்றீங்க என்றார். சேவியர் சார்தான் ஒரு வழி சொன்னார். இரண்டு மாதத்தில் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கம்ப்யூட்டர் கண்காட்சி நடக்க இருந்தது. இரண்டு கம்ப்யூட்டர் வைப்போம், ஒன்றில் முப்பது நாள் ஆட்டம், இன்னொன்றில் தேவகி செய்வது, நீங்களே வந்து பாருங்கள், பிறகு முடிவு செய்யலாம் என்றார். வியாபாரி ஒப்புக்கொண்டார்.

நான் மறுபடி சேலையூர் போனேன். நிஜமாக ஓட்டுகிற ஒருவர் ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் நடுவில் என்ன செய்கிறார் என்று சொல்லித்தர முடியுமா என்று கேட்டேன். முதல் நாள் அவர் பேசவில்லை. விமலா காபி கொடுத்தார், குடித்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டாம் முறை போனபோது பிளாட்பாரம் கண்ணில் படுவதற்கு முன்பே எதைப் பார்த்து பிரேக் பிடிக்கத் தொடங்குவார் என்பதைச் சொன்னார். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு அடையாளம். ஒன்றுக்கு ஒரு சர்ச் கோபுரம், இன்னொன்றுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி. கேட் கீப்பர் பச்சைக் கொடியைப் பிடித்திருக்கும் விதத்திலேயே அவர் தூங்கி எழுந்தவரா இல்லையா என்று தெரியுமாம். கூட்டம் ஏறிய வண்டி பிரேக்குக்கு எப்படி அடங்கும், காலி வண்டி எப்படி என்பதைக் கையை அசைத்துக் காட்டினார். நான் காலியாக விட்டிருந்த இடமெல்லாம் அவருக்கு வேலை நிறைந்த இடம். அதை வைத்துக்கொண்டு தாம்பரம், பல்லாவரம் தூரத்தையே திரும்பச் செய்தேன். ஒரு ஸ்டேஷனைக்கூடக் கூட்டவில்லை.

வேப்பமரத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் அவராகவே ஆரம்பித்தார். அங்கே ஒரு ஆளை நிறுத்தச் சொன்னார். தண்டவாளத்தின் ஓரமாக, முதுகைக் காட்டிக்கொண்டு. மரம் தெரிந்தவுடன் ஹாரன் அடித்தால் அந்த ஆள் திரும்பிப் பார்த்து விலகிக்கொள்ள வேண்டும். அடிக்க மறந்தால் வண்டி அங்கேயே நின்றுவிட வேண்டும், அன்றைய டியூட்டி முடிந்தது என்று வர வேண்டும், வேறு எதையும் காட்டக்கூடாது.

ஹாரன் அடித்தால் எப்போதும் விலகிவிடுவாரா என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. விமலா சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

"அன்னிக்கு நான் அடிச்சேன் மேடம். அவர் திரும்பலை" என்றார். பிறகு, "கேம்லயாவது திரும்பிப் பார்க்கட்டும்."

அப்படியே செய்தேன். எங்களில் படம் வரைகிறவர் அந்த ஒரு அசைவுக்கு, ஒரு மனிதர் தலையைத் திருப்பிப் பார்த்து ஒரு அடி பின்னால் வைப்பதற்கு, ஆறு நாள் எடுத்துக்கொண்டார். திரையில் அது இரண்டு விநாடிகூட வராது.

கண்காட்சி நாளுக்கு நான்கு நாள் ஆட்டம்தான் தயாராகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு கம்ப்யூட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். வியாபாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சுவரோரம் நின்றார். முப்பது நாள் ஆட்டத்தின் முன் உட்கார்ந்தவர்கள் இருபது நிமிடம், இருபத்தைந்து நிமிடம் என்று ஓட்டினார்கள். புதியதன் முன் உட்கார்ந்தவர்கள் பத்து நிமிடத்தில் எழுந்தார்கள். வியாபாரி என் அருகில் வந்து, நான் அப்பவே சொன்னேனே மேடம் என்றார். அவர் குத்திக்காட்டவில்லை, பரிதாபப்பட்டுத்தான் சொன்னார். அது இன்னும் வலித்தது.

விமலா தன் மாணவிகளோடு வந்திருந்தார். மோட்டார்மேனும் கூட வந்திருந்தார். கூட்டத்துக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்போது ஆடிக்கொண்டிருந்தவர் நடுவயது ஆசிரியை ஒருவர். சானடோரியத்தில் அழகாக நிறுத்திக் கிளம்பினார். வேப்பமரம் வந்தது. ஹாரனை மறந்துவிட்டார். வண்டி நின்றது, திரை மங்கியது, இன்றைய பணி முடிந்தது என்று எழுத்து வந்தது. அவர் பதறிப்போய்த் திரும்பினார்.

"அய்யய்யோ, அடிபட்டுட்டாரா?"

பதில் சொல்ல வேண்டியவள் நான். அந்தக் கேள்வி யார் காதில் விழக்கூடாதோ அவர் காதில் விழுந்துவிட்டது என்பது மட்டும்தான் தெரிந்தது. விமலா அவர் கையைப் பிடிக்கப் போனார். அதற்குள் அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்.

"இல்லைங்க. நீங்க நிறுத்திட்டீங்க" என்றார் ஆசிரியையிடம். "இந்தத் தடவை அந்த மரத்தோட உச்சி தெரிஞ்ச உடனே ஹாரன் அடிங்க. ஆள் தெரியற வரைக்கும் காத்திருக்காதீங்க."

ஆசிரியை மறுபடி தாம்பரத்திலிருந்து ஓட்டினார். மரத்தின் உச்சி தெரிந்தது. அடித்தார். அந்த மனிதர் திரும்பிப் பார்த்தார், ஒரு அடி பின்னால் வைத்தார், வண்டி கடந்தது. ஆசிரியை நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டார். அவருக்குப் பின்னால் நின்ற ஆறேழு பேரும் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நான் மோட்டார்மேனைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, அடுத்தவரை உட்காரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

அன்று மாலை வரை அவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. ஒவ்வொருவர் தோளுக்குப் பின்னாலும் நின்று, தண்ணீர்த் தொட்டி தெரியுதா, இப்போ பிடிங்க, மெதுவா, மெதுவா என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்போதுதான் நான் காலையில் கவனிக்காததைக் கவனித்தேன். பத்து நிமிடத்தில் எழுந்தவர்கள் போய்விடவில்லை. மனைவியை, அண்ணனை, பக்கத்துக் கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு வரிசையில் மறுபடி நின்றார்கள். அந்த ஆசிரியை நான்கு முறை வந்தார். முப்பது நாள் ஆட்டத்தில் இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்தவர்கள் எழுந்து வாசலைப் பார்த்துப் போனவர்கள்தான், திரும்பவில்லை. மூன்று மணிக்குமேல் அந்த நாற்காலியில் எங்கள் பைகளை வைத்துவிட்டோம்.

வியாபாரி கடிகாரத்தைப் பார்ப்பதை எப்போது நிறுத்தினார் என்று தெரியாது. மாலையில் வந்து, இது எத்தனை மணி நேரம் என்று அட்டையில் போடுவது என்று கேட்டார். போட வேண்டாம் என்றேன். முன்பு எடுத்ததில் பாதிதான் எடுப்பதாகச் சொன்னார். மாட்டேன் என்று சொல்லவில்லையே, அதுவே எங்களுக்குப் பெரிதாக இருந்தது. பழைய பெட்டிகளைத் தூக்கிப்போட மனம் வராமல், முப்பது என்ற எழுத்தின்மேல் ஏழு என்று ஸ்டிக்கர் அச்சடித்து ஐந்து பேரும் உட்கார்ந்து ஒட்டினோம். இந்தத் தொழிலில் நான் செய்த வேலைகளிலேயே மிகவும் வெட்கமான வேலை அது. பாதி பெட்டிகளில் ஸ்டிக்கர் கோணல். அந்தப் பெட்டிகள் மெதுவாகத்தான் போயின, ஆனால் எல்லாம் போயின. அடுத்த கேமுக்கு அவரே எங்களைத் தேடி வந்தார்.

உங்களுக்கு நான் சொல்ல வருவது நீளமான கேம் செய்யாதீர்கள் என்பதல்ல. பிற்காலத்தில் நானே மிக நீளமான ஒன்றில் வேலை பார்த்திருக்கிறேன், அதற்காக வருத்தமில்லை. நீங்கள் கவனம் வைத்த இடம் எது, வைக்காத இடம் எது என்று ஆடுகிறவருக்குத் தெரிந்துவிடும். நீங்கள் வேலை செய்வதை நிறுத்திய நிமிடத்தில் அவரும் நிறுத்துவார், அல்லது வெறுமனே உட்கார்ந்திருப்பார். அவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதை வைத்து ஏமாந்துவிடாதீர்கள். நான் ஒரு காலைப்பொழுது முழுக்க அப்படி ஏமாந்தவள். எழுந்து போகிறவர் என்ன முகத்தோடு போகிறார், யாரை அழைத்துவருகிறார் என்று பாருங்கள். இதற்கு எந்த மென்பொருளும் வேண்டாம், நாற்காலிக்குப் பின்னால் நிற்கக் கால் இருந்தால் போதும்.

மிச்சமிருந்த மூன்று நாளையும் மோட்டார்மேன் துணையில்லாமல்தான் செய்தோம். ஆள் அனுப்பினோம், வர முடியாது என்ற பதில் மட்டும்தான் வந்தது. மறுபடி முடங்கிவிட்டாரோ என்று பயந்துகொண்டு, முடிந்த கேமை எடுத்துக்கொண்டு சேலையூர் போனேன். முன்னறையில் இரண்டு கம்ப்யூட்டரிலும் மாணவிகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் எங்கே என்று கேட்டேன். விமலா என்னைப் பார்த்து முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

"டியூட்டிக்குப் போயிருக்காரு மேடம். கண்காட்சி முடிஞ்ச பத்தாம் நாளே போய் ரிப்போர்ட் பண்ணிட்டாரு. இப்போ ஒரு மாசமா வண்டி எடுக்கறாரு." நான் நீட்டிய பெட்டியை வாங்கி அலமாரியில் வைத்தார். "நாலாம் நாளோட நிக்குது அவரு கேம். ஏழாம் நாள்ல என்ன வருதுன்னு பாக்க வேணாமான்னு கேட்டேன். காலைல நாலரைக்குக் கிளம்பணும்னு சொல்லிட்டுத் தூங்கப் போயிட்டாரு."

நான் செய்த ஒன்றை ஒருவர் பாதியில் விட்டுவிட்டுப் போனதற்காகச் சந்தோஷப்பட்டுக்கொண்டே வீடு திரும்பியது அந்த ஒரு நாள்தான்.